ஃபயர்வால் பெட்டிக்குள்ளே லினக்ஸ்: சோர்ஸ் கோடு கேட்கும் உரிமை யாருக்கு?

திருவல்லிக்கேணியில் மேன்ஷன் நடத்துபவர் வைஃபை போட முடிவெடுத்தால், மவுண்ட் ரோட்டைத் தாண்டி ரிச்சி தெருவுக்குப் போவார். விலை கேட்பார், வாரன்டி கேட்பார். பெட்டிக்குள்ளே ஓடுவது யாருடைய மென்பொருள் என்று கேட்க மாட்டார். கேட்கணும் என்பதுதான் நம்ம கட்சி.

ரவுட்டர், ஃபயர்வால் பெட்டிகள் பலவற்றில் ஓடுவது லினக்ஸ். காசு கிடையாது, ஆனால் நிபந்தனை உண்டு. லினக்ஸ் கெர்னலின் உரிமம் ஜிபிஎல் 2. எடுக்கலாம், மாற்றலாம், பெட்டியில் போட்டு விற்கலாம். விற்றால், செய்த மாற்றங்களோடு அதன் சோர்ஸ் கோடையும் தரணும். கையோடு தராவிட்டால், கேட்பவருக்குத் தருவோம் என்று குறைந்தது 3 ஆண்டுக்கு எழுத்தில் உறுதி கொடுக்கணும்.

கொடுக்காவிட்டால்? 2005 ஏப்ரலில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், ஃபோர்டிநெட் நிறுவனத்தின் பிரிட்டன் கிளைக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்குப் போட்டவர் ஹரால்ட் வெல்டே. லினக்ஸின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டரை உருவாக்கியவர்களில் ஒருவர். ஃபோர்டிநெட்டின் ஃபயர்வாலில் லினக்ஸ் இருக்கிறது, அது வெளியே தெரியாமல் என்கிரிப்ஷன் போட்டு மறைத்திருக்கிறார்கள் என்பது அவர் புகார். அடுத்தவர் நெட்வொர்க்கைச் சோதிக்கிற பெட்டி மேலேயே இப்படியொரு புகார்! அதே மாதம் சமரசம் ஆனது. ஜிபிஎல் பகுதிகளின் சோர்ஸ் கோடைத் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதில் நமக்கென்ன? கம்பெனி அப்டேட்டை நிறுத்தினால், பாதுகாப்புக்கு வாங்கிய பெட்டியே ஓட்டை ஆகிவிடும். கோடு வெளியே இருந்தால் வேறு யாராவது அடைக்க வழி உண்டு. 2003இல் லிங்க்சிஸ் தன் ரவுட்டரின் ஜிபிஎல் கோடை வெளியிட வேண்டி வந்தது. அதிலிருந்து பிறந்த ஓப்பன்டபிள்யூஆர்டி, கைவிடப்பட்ட எத்தனையோ ரவுட்டர்களில் இன்றைக்கும் ஓடுகிறது.

எல்லாமே கிடைத்துவிடாது. கம்பெனி தனியாக எழுதிய புரோகிராமைத் திறந்து காட்டச் சொல்ல முடியாது. பிஎஸ்டி உரிமத்தில் வரும் ஃப்ரீபிஎஸ்டி மேல் கட்டிய பெட்டி என்றால் இந்தக் கட்டாயமே இல்லை. கோடு கிடைத்தாலும், கம்பெனி கையெழுத்து இல்லாத மென்பொருளை ஏற்காத பெட்டிகளும் உண்டு. அதனால்தான் வாங்கும் முன்பே கேட்பது முக்கியம்.

மென்பொருளின் உட்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்லி அரசு, பொதுத்துறை அமைப்புகளுக்கு செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, டெண்டர் வேறு. அரசு அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் ஃபயர்வால் வாங்கும் டெண்டரில் இரண்டு வரி சேர்க்கணும்: உள்ளே இருக்கும் ஓப்பன் சோர்ஸ் பகுதிகளின் பட்டியல், ஜிபிஎல் பகுதிகளின் சோர்ஸ் கோடு. இரண்டும் வராமல் பில் பாஸ் ஆகக் கூடாது.