தென்கொரியர்கள் அணுவாயுதம் கேட்பது ஏன்?

வடகொரியா 2006 முதல் 2017 வரை ஆறு முறை அணுவாயுதச் சோதனை நடத்தியது. எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சோல் நகரில் அன்றாட வாழ்க்கை வழக்கம்போல் நடக்கிறது. மக்களுக்கு அச்சம் பழகிவிட்டது என்றே நானும் எண்ணியிருந்தேன்.

ஆனால், 2022ல் வெளியான ஒரு கருத்தாய்வில் தென்கொரியர்களில் 71 விழுக்காட்டினர் தங்கள் நாட்டுக்குச் சொந்த அணுவாயுதம் வேண்டும் என்றனர். காரணம் இருக்கிறது. அமெரிக்காவை எட்டக்கூடிய ஏவுகணையை வடகொரியா 2017ல் சோதித்தது. சோலைக் காப்பாற்ற அமெரிக்கா தன் நகரங்களைப் பணயம் வைக்குமா? வடகொரியா மீதுள்ள பயத்தைவிட, நட்பு நாட்டின்மீது எழுந்த இந்த ஐயமே பெரிது என்பது என் கருத்து.

அரசாங்கத்தின் கணக்கு வேறு. அணுவாயுதப் பரவல் தடை உடன்பாட்டை 1975ல் ஏற்ற நாடு அது. மீறினால் பொருளியல் தடைகள் வரலாம். அணுமின் நிலையங்களுக்கு யுரேனியம் கிடைப்பதும் சிரமமாகலாம். அதனால், 2023 ஏப்ரலில் அப்போதைய அதிபர் யூன் சுக் இயோல் உடன்பாட்டில் நீடிக்க உறுதியளித்தார். பதிலுக்கு, அணுவாயுதத் திட்டமிடல் குறித்து சோலுடன் கலந்துபேச அமெரிக்கா இணங்கியது.

இத்தகைய விளைவுகளை எடுத்துச் சொல்லிக் கேட்டால் ஆதரவு குறைவதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, ஒரு கருத்தாய்வின் எண்ணைப் பார்க்கும்போது, மக்களிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பதையும் நாம் பார்க்கவேண்டும்.