பொறுத்துப்போவதன் பெயர் ஸ்டோயிக் அல்ல

அண்மையில் ஒரு செயலமர்வு. மூன்று மாதச் சம்பளம் நிலுவையிலிருந்த எங்களுக்கு வளவாளர் எபிக்டெட்டஸைப் போதித்தார். "கையில் இல்லாததை விட்டுவிடுங்கள், மனதை மட்டும் கவனியுங்கள்." எல்லோரும் தலையாட்டினோம். நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இதனை எழுத வைக்கிறது.

யார் இந்த எபிக்டெட்டஸ்? இன்றைய துருக்கியிலுள்ள ஹீராபொலிஸில் பிறந்து ரோமில் அடிமையாயிருந்தவர். விடுதலை பெற்றுத் தத்துவம் கற்பித்தவரை, ஏனைய தத்துவவாதிகளோடு சேர்த்துப் பேரரசன் டொமிஷியன் விரட்டினான். வாய்மூடிச் சகித்திருப்பதைக் கற்பிப்போரை அரசர்கள் விரட்டுவதில்லை; வளர்ப்பார்கள்.

நம் கையில் உள்ளவை, இல்லாதவை என்று அவர் பிரித்தது மெய்தான். கோட்டை எங்கே போட்டார் என்பதைத்தான் வளவாளர்கள் மறைக்கிறார்கள். உடல், சொத்து, பதவி, பெயர் ஆகியன நம் கையில் இல்லை. தீர்மானமும் செயலில் இறங்கும் முனைப்பும் நம் கையில் உண்டு. ஹெல்விடியஸ் பிரிஸ்கஸின் கதையை அவரே மாணவருக்குச் சொன்னார். செனட் சபைக்கு வராதே என்றான் பேரரசன் வெஸ்பாசியன். என் பதவியைப் பறிப்பது உன் கையில். உறுப்பினனாய் இருக்கும்வரை வருவதும் நியாயமாய்ப் பட்டதைச் சொல்வதும் என் கடமை என்றார் ஹெல்விடியஸ். பின்னர் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். உயிர் அவர் கையில் இல்லை, நாக்கு இருந்தது.

விவேகம், துணிவு, தன்னடக்கம், நீதி: ஸ்டோயிக்குகளின் நற்பண்புகள் நான்கு. தன்னடக்கத்தை வைத்துக்கொண்டு நீதியைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது தத்துவமல்ல, தூக்க மாத்திரை.

செனக்கா நீரோவின் செல்வந்த ஆலோசகர்தானே, மார்கஸ் ஒரேலியஸ் அடிமைமுறையை ஒழிக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர்களது சறுக்கலை அளக்கவும் அதே நீதிதான் அளவுகோல்.

இது மேலைத்தேயச் சரக்கு, எமக்கெதற்கு என்போருக்கும் ஒரு வார்த்தை. 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி துக்கத்தை அகற்றும் வழிபற்றி ஒரு நூல் எழுதினார். எபிக்டெட்டஸின் கைந்நூலிலுள்ள கப்பற்பயணி உவமை அதில் விரிவாகவே வருகிறது. அன்றைய பக்தாத் அஞ்சாமல் வாங்கியதை நாம் ஏன் தள்ள வேண்டும்? வாங்குவோம், முழுதாக வாங்குவோம்.

சம்பளம் தருவது நிர்வாகத்தின் கையில். கேட்பது எங்கள் கையில். அடுத்த செயலமர்வில் நான் எழுந்து நிற்பேன்.