உயிர் பெறாத அட்டைகள்

வீடியோ கேம்களைத் தட்டாக வாங்காமல் இணையம் வழியே இறக்கிக்கொள்ளும் வழக்கம் பரவிய பிறகு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பெருங்கடைகளில் ஒரு புதிய சரக்கு கொக்கிகளில் தொங்கத் தொடங்கியது. விளையாட்டின் படம் அச்சிட்ட, உள்ளங்கையளவு அட்டை அது. அதன் பின்புறத்தைச் சுரண்டினால் ஓர் இரகசியக் குறியீடு தெரியும். அதை விளையாட்டுக் கருவியில் உள்ளிட்டால் விளையாட்டு இறங்கும். ஆனால் கொக்கியில் தொங்கும் நிலையில் அந்த அட்டையால் எதையும் பெற முடியாது. கல்லாவில் அதன் பார்கோடு படிக்கப்பட்டு, பணம் பெறப்பட்ட செய்தி நிறுவனத்தின் சர்வரைச் சென்றடைந்த பிறகே உள்ளே இருக்கும் குறியீடு உயிர் பெறுகிறது. இதைத்தான் செயற்படுத்துதல் என்கிறார்கள். கடை வழக்கில் சொன்னால் 'ஆக்டிவேட்' செய்வது. அவ்வாறு உயிர் பெறாமலேயே கடையை விட்டு வந்த அட்டைகளைத் தேடிச் சேர்ப்பவர்களும், அவற்றுக்கு விலை கொடுப்பவர்களும் இன்று இருக்கிறார்கள். திருச்சி பாலக்கரைக் கடைவீதியில் நடப்பவருக்கு இது தொலைதேசத்து வினோதமாகத் தோன்றலாம். ஆயினும் சுரண்டும் அட்டையின் காலத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்டு, அதன் தடயத்தை ஏறக்குறைய முழுவதும் தொலைத்துவிட்ட ஊர்களில் திருச்சியும் ஒன்று என்பதால், இது இவ்வூருக்கும் உரிய செய்தியே.

செயற்படுத்தப்படாத அட்டை ஏன் அரிதாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கப்படும் ஒவ்வோர் அட்டையும் கல்லாவிலேயே செயற்படுத்தப்பட்டுவிடுகிறது. வாங்கியவர் குறியீட்டைச் சுரண்டி உள்ளிட்டுவிட்டு அட்டையைக் குப்பையில் போடுகிறார். விற்காமல் எஞ்சியவை கடைக்காரரின் கணக்கில் பெறுமானம் இல்லாத சரக்கு என்பதால், விற்பனைக் காலம் முடிந்ததும் கழித்துக் கட்டப்படுகின்றன. ஆக, விற்றதும் அழிகிறது, விற்காததும் அழிகிறது. இரண்டுக்கும் தப்பி, தொங்கவிடும் துளை கிழியாமல், சுரண்டும் பட்டை சிதையாமல் எஞ்சிய சிலவே சேகரிப்பாளரின் கைக்கு வருகின்றன. அவர் தேடுவது விளையாட்டை அல்ல. அந்த விளையாட்டு எந்த ஆண்டில், எந்த நாட்டில், எந்த விலைக்கு, எந்தப் படத்தோடு விற்கப்பட்டது என்பதற்கு அச்சில் எஞ்சியிருக்கும் சான்று அந்த அட்டை. இறக்கம் மட்டுமே செய்யப்பட்ட ஒரு விளையாட்டுக்குப் பெட்டியோ தட்டோ இல்லாதபோது, கையால் தொடக்கூடிய சான்று பெரும்பாலும் அது ஒன்றே.

இணையக் கடைகள் மூடப்பட்டபோது இந்த மதிப்பின் இயல்பு இன்னும் தெளிவாயிற்று. நிண்டெண்டோ நிறுவனம் தன் வீ கருவிக்கான இணையக் கடையை 2019 சனவரி 30 அன்று மூடியது. 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளில் அட்டை மூலம் பணம் சேர்க்கும் வசதியை 2022 ஆகஸ்டில் நிறுத்தி, 2023 மார்ச் 27 அன்று அங்கு விற்பனையையே முடித்துக்கொண்டது. முழு விளையாட்டுகளுக்கான குறியீடுகளைப் பிற கடைகள் வழியே விற்பதைச் சோனி நிறுவனம் 2019 ஏப்ரல் முதல் கைவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் கடை 2024 சூலையில் மூடப்பட்டது. ஒரு கடை இவ்வாறு மூடப்பட்ட நாளுக்குப் பிறகு, பணம் கொடுத்துச் செயற்படுத்திப் பயன்படுத்த மறந்துபோன அட்டைக்கும் ஒருபோதும் செயற்படுத்தப்படாத அட்டைக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இரண்டிலும் எஞ்சுவது தாளும் மையுமே. செயற்படுத்தப்படாத அட்டை மட்டும் தொடக்கத்திலிருந்தே அந்த நிலையில்தான் இருந்தது.

இத்தகைய பொருள் வரலாற்றுக்குப் புதிதன்று. திருச்சி சந்திப்புக்கும் கோட்டைக்கும் இடையே பாலக்கரை என்ற பெயரிலேயே ஒரு சிறு ரயில் நிலையம் உண்டு. அங்கு நின்று செல்லும் பயணிகள் வண்டிகளில் ஏறியிறங்கிய தலைமுறைக்குக் கெட்டி அட்டைப் பயணச்சீட்டு நன்றாக நினைவிருக்கும். ஆங்கிலேயரான தாமஸ் எட்மண்ட்சன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய அந்தச் சீட்டில் புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், வரிசை எண் ஆகியவை முன்னரே அச்சாகியிருக்கும். எழுத்தர் அதைத் தேதி இயந்திரத்தில் ஒருமுறை அழுத்திக் கொடுத்த பிறகே அது பயணத்துக்குச் செல்லும். தேதி அழுந்தாத சீட்டு, இன்றைய சொல்லில், செயற்படுத்தப்படாத அட்டை. கணினிச் சீட்டு வந்து அட்டைச் சீட்டு வழக்கொழிந்த பிறகு, தேதி அழுந்திய சீட்டையும் அழுந்தாத சீட்டையும் சேகரிப்பாளர்கள் வெவ்வேறு வகையாகவே போற்றுகிறார்கள்: முன்னது ஒரு பயணத்தின் சான்று, பின்னது ஒரு நிர்வாக முறையின் சான்று. தபால்தலை சேர்ப்பவர்கள் முத்திரை விழுந்ததையும் விழாததையும் பிரித்து வைப்பதும் இதே அடிப்படையில்தான்.

தமிழ்நாட்டில் இந்த அட்டைக்கு மிக நெருங்கிய உறவு செல்பேசி ரீசார்ஜ் கார்டு. இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குப் பேசப்பட்டது. வரும் அழைப்புக்கும் காசு கட்டிய அந்தத் தொடக்க ஆண்டுகளில் செல்பேசி செல்வரின் கருவியாகவே இருந்தது. 1999இல் தமிழ்நாட்டில் ஏர்செல் தொடங்கியதும், 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கியதும், முன்பணம் கட்டிப் பேசும் முறை பரவியதும் சேர்ந்து அதைப் பெட்டிக்கடை வரை கொண்டுவந்தன. அதன் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுக் காலம், நாணயத்தின் விளிம்பால் சாம்பல்நிறப் பட்டையைச் சுரண்டி, வெளிப்படும் நீண்ட எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்து அழுத்துவது அன்றாட வேலையாயிற்று. டாப்-அப், வேலிடிட்டி, ஃபுல் டாக்டைம், ரேட் கட்டர், பூஸ்டர் என்ற சொற்கள் எழுத்தறியாதவர் நாவிலும் ஏறின. மக்கள் மொழியில் இத்தனை வேகமாக இத்தனை வணிகச் சொற்களை நுழைத்த அச்சுப்பொருள் வேறு உண்டா என்பது ஐயமே.

இங்கு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு அட்டை கல்லாவில் உயிர் பெறுவது. ரீசார்ஜ் கார்டின் எண்ணோ விநியோகஸ்தரிடம் கட்டாகச் செல்லும்போதே செயற்படுத்தப்பட்டிருக்கும். ஆகவே அந்தத் தாள் கடைக்காரருக்கு ரொக்கப் பணத்துக்குச் சமம். அவர் முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கிய அதைக் கொக்கியில் தொங்கவிட முடியாது, கல்லாப்பெட்டிக்குள்தான் வைக்க முடியும். கடையில் ஒரு பொருள் தொங்குகிறதா, பூட்டப்பட்டிருக்கிறதா என்பதே அதன் நிதி ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறது. பிறகு கடைக்காரர் தம் செல்பேசியிலிருந்தே தொகையை ஏற்றும் முறை வந்து, தமிழ்நாட்டில் அதை 'ஈசி போடுவது' என்று வழங்கத் தொடங்கியபோது, முன்பணம் செல்பேசி இருப்பாக மாறியது, அட்டை மறைந்தது.

அந்த அட்டைகளில் பதிந்திருப்பது அரசுக் கொள்கையின் வரலாறும்கூட. வாடிக்கையாளர் ஏமாறாதிருக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிகள், திட்ட வவுச்சருக்குச் சிவப்பு, டாப்-அப்புக்குப் பச்சை, சிறப்புக் கட்டணத்துக்கு மஞ்சள் என்று நிறப்பட்டைகளை வகுத்தன. பத்து ரூபாய்க்கு எவ்வளவு பேசலாம், வரியாக எவ்வளவு பிடிப்பு என்பதெல்லாம் அட்டையின் பின்புறத்திலேயே பொடி எழுத்தில் இருந்தன. நிறுவனங்களின் பிறப்பும் மறைவும் அதில் உண்டு: தமிழ்நாட்டில் பிபிஎல் என்று வாங்கப்பட்ட அட்டை ஹட்ச் ஆகி, ஹட்ச் 2007இல் வோடஃபோன் ஆகி, அது 2018இல் ஐடியாவோடு இணைந்து, 2020இல் வி ஆயிற்று. ஏர்செல்லின் முடிவு இன்னும் கடுமையானது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் அதன் சிக்னல் அறுந்து, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் கடைகளை மொய்த்தனர். அடுத்த சில நாட்களில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. எங்கேனும் சுரண்டாமல் கிடந்த ஏர்செல் அட்டை ஒன்று அந்த வாரத்தில் காசிலிருந்து காகிதமாயிற்று. அன்றே அது வரலாற்றுப் பொருளும் ஆயிற்று.

விலையைப் பற்றி எச்சரிக்கையாகவே பேச வேண்டும். 2021 சூலையில், உறை பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 விளையாட்டுப் பெட்டி ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. பல இலட்சம் படிகள் விற்ற விளையாட்டு அது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, செயற்படுத்தப்படாத அட்டையெல்லாம் நாளை பொன்னாகும் என்று வாங்கிக் குவிப்பது அறியாமை. 1990களில் பல நாடுகளில் பொங்கியெழுந்த தொலைபேசி அட்டைச் சேகரிப்பு, பொதுத் தொலைபேசிகளோடு சேர்ந்து தணிந்துபோனதை இதற்கு எதிர்ச்சான்றாகக் கொள்ளலாம். மேலும், அச்சுத் தாளைப் போலியாக அடிப்பது எளிது; செயற்படுத்தப்படாத அட்டையின் குறியீட்டை உள்ளிட்டுப் பார்த்து மெய்ப்பிக்கவும் வழியில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லாவில் மதிப்பில்லை என்பதால் கொக்கியிலிருந்து கேட்காமல் எடுத்துச் செல்லலாம் என்று பொருளாகாது. விற்பனைக்கு வைத்த அட்டை கடையின் உடைமை. கடைக்காரர் கழித்ததைக் கேட்டுப் பெற்றால் மட்டுமே அது சேகரிப்பு, மற்றது திருட்டு.

பயன் ஒழிந்த தாளுக்குச் சேகரிப்பு மதிப்பு உண்டு என்பதை இந்தியச் சட்டமே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2016 நவம்பரில் செல்லாதவையாக்கப்பட்ட 500, 1000 ரூபாய்த் தாள்களை வைத்திருப்பதைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், எவரும் 10 தாள்கள் வரையிலும், ஆய்வுக்காகவும் நாணயவியலுக்காகவும் 25 தாள்கள் வரையிலும் வைத்துக்கொள்ள இடமளித்தது. செல்லாத நோட்டுக்கு அளித்த அந்த இடத்தைத் தீர்ந்துபோன ரீசார்ஜ் கார்டுக்கு யாரும் மறுக்கவில்லை, கேட்கத்தான் ஆளில்லை.

பயன் ஒழிந்த தாளைக் கேட்டவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீசு, அழைப்பிதழ், துண்டறிக்கை என்று மற்றவர் எறிந்ததையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் அவர் பெயரில் எழுந்த ஆராய்ச்சி நூலகம் இன்று தமிழியல் ஆய்வாளர்களுக்குத் தவிர்க்க முடியாத இடம். நாடக நோட்டீசுக்கு அவர் காலத்தில் இருந்த மதிப்பு, ரீசார்ஜ் கார்டுக்கு இன்று இருக்கும் மதிப்பைவிட அதிகமாக இருந்திருக்காது. திருச்சியில் இராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. 2014 முதல் ரயில்வே அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கு வைக்கத் தக்க அட்டைகளுக்கும் பஞ்சமில்லை: சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் இவ்வூர் விமான நிலையம் வழியே சென்றுவந்தவர்களின் பெட்டிகளில் அந்நாட்டு அழைப்பு அட்டைகளும் வந்திருக்கும்.

பாலக்கரையிலும் சிங்காரத்தோப்பிலும் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் இருபது ஆண்டுகளாகச் செல்பேசிக் கடை நடத்துபவர்கள், மேசை இழுப்பறையின் அடியில் கிடக்கும் பழைய கார்டுகளைக் குப்பைக்கூடையில் போடுவதற்கு முன், எந்தக் கடை, எந்த ஆண்டு, என்ன விலைக்கு விற்றது என்று ஓர் உறையின் மேல் எழுதி, அதற்குள் இட்டு, ஒரு நூலகத்திடமோ அருங்காட்சியகத்திடமோ ஒப்படைக்க வேண்டும்; அந்நிறுவனங்களும் அவற்றை மறுக்காமல் பெற்றுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.