படைச்செலவும் பாளையக் கப்பமும்

அரியலூர், உடையார்பாளையம் ஆகிய பாளையங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1765ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படை வந்து பாளையக்காரர்களை வெளியேற்றியதைத் தவறாது குறிப்பர். கப்பம் நிலுவையில் நின்றதே காரணம் என்பர். அக்கப்பப் பணம் எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று வினவுவோர் அரியர்.

1751இல் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதியதை நம் வட்டாரத்தார் அறிவர். அக்காலப் போர்களில் ஆங்கிலக் கம்பெனி நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பக்கம் நின்றது. செலவை அவர் பெயரிலேயே பற்று எழுதியது. போர் ஓய்ந்த பின்னும் படை கலையவில்லை. கட்ட இயலாத நவாப், பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி ஊழியரிடமே உயர்ந்த வட்டிக்குக் கடன்பட்டார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிய வணிகம் அது!

1787இல் ஆளுநர் ஆர்ச்சிபால்டு காம்பெல் ஓர் உடன்படிக்கை செய்தார். அமைதிக்காலப் படைச்செலவுக்காக நவாப் ஆண்டுதோறும் 9 இலட்சம் வராகன் தரவேண்டும். ஒரு வராகன் ஏறத்தாழ மூன்றரை ரூபாய். போர் மூண்டால் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு கம்பெனிக்கு. 1792இல் காரன்வாலிஸ் அதே 9 இலட்சத்தை நிறுத்திக்கொண்டு, போர்க்காலத்தில் நாட்டின் நிருவாகம் முழுவதையும் கம்பெனிக்கு ஆக்கினார். திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலிப் பாளையங்களின் கப்பத்தை நவாபின் பெயரால் கம்பெனியே தண்டி, அவர் தரவேண்டியதில் கழித்துக்கொள்ளலாயிற்று. கட்டபொம்மனிடம் ஜாக்சன் துரை கப்பம் கேட்ட உரிமை இவ்விதியிலிருந்தே பிறந்தது. திரைப்பட வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர் பலர்; இவ்விதியை அறிந்தவர் சிலரே.

பேரம் முழுவதும் தொகையைப் பற்றியே நடந்தது என்பதை ஈண்டுக் கருதுதல் வேண்டும். எத்தனை வீரர், எவருடன் போர் என்பனவற்றை முடிவுசெய்யும் உரிமை கம்பெனியிடமே இருந்தது. இதனை மறந்து, வாலாஜாவின் ஊதாரித்தனமே நாட்டைப் பறிகொடுத்தது எனப் பாடநூல் நடையில் தீர்ப்புரைப்பது முறையன்று. திருச்சி நத்ஹர் வலி தர்காவில் அடங்கியிருக்கும் அவர் குற்றமற்றவர் என யான் வாதிடவில்லை. 1773இல் தஞ்சையைக் கைப்பற்ற அதே கம்பெனிப் படையை ஏவியவர் அவரே. ஆயினும் கட்டளையிடும் உரிமையின்றிச் செலவை மட்டும் ஏற்றவர் எத்துணைச் சிக்கனமாக வாழ்ந்திருப்பினும் 1801இன் முடிவிலிருந்து தப்பியிருப்பார் என யான் கருதவில்லை. அவ்வாண்டு ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. நவாபின் வழியினருக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியது.

ஒரு நூற்றாண்டு கழிந்து, இந்திய நாடு முழுமைக்கும் அதே வழக்கு எழுந்தது. 1895இல் அமைக்கப்பெற்ற வெல்பி ஆணையத்தில் தாதாபாய் நௌரோஜி உறுப்பினராயிருந்தார். திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1897இல் அதன்முன் சாட்சியம் அளித்தார். பிரிட்டனின் நலனுக்கான படைச்செலவை இந்தியா சுமப்பது தகுமா என்பது அங்கு எழுந்த வினாக்களுள் ஒன்று. கிடைத்த நிவாரணமோ சிறிது.

எய்ச்சிசன் தொகுத்த உடன்படிக்கைகள் அச்சில் உள்ளன. நம் மாணவருள் எவரேனும் அவற்றைத் திருச்சி மாவட்டப் பழைய வருவாய்க் குறிப்புகளுடன் ஒப்பிட்டு ஆராய முன்வரல் வேண்டும். அந்த 9 இலட்சத்தில் பெரம்பலூர்க் கரிசல் உழவன் தந்த பங்கு எவ்வளவு என்பதை எந்த உடன்படிக்கையும் கூறவில்லை.