மாத்திரைக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம்

இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்கின்றனர். அவர்களுள் பலருக்குத் தரப்படுவது வார்ஃபரின். குறித்த நாளில் பரிசோதனைக்கு வந்து, ஐ.என்.ஆர். அளவைக் குறிப்பேட்டில் பதிந்து செல்லும் அவர்களுக்கு அதன் அளவும் வேளையும் மனப்பாடம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஏதோ ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து என்பார்கள். உண்மையில் அது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கெட்டுப்போன குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்துகொண்டிருந்தன. 1933ஆம் ஆண்டு பனிக்காலத்தில் ஒரு விவசாயி, இறந்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், அந்தத் தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கொட்டும் பனியில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவரைச் சந்தித்த உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கிடம் அன்றைக்குச் சொல்வதற்கு விடை ஏதும் இல்லை. தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தெடுக்க அவருடைய குழுவுக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் முதலில் எலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954இல்தான் மனிதருக்குத் தர அனுமதி கிடைத்தது. (இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது; அந்த அளவைக் காக்கவே ஐ.என்.ஆர். பரிசோதனை.)

அந்த விவசாயி எந்த நம்பிக்கையில் அங்கே சென்றார் என்பதே என் சிந்தனைக்கு உரியதாகப் படுகிறது. அது தம் மாநிலத்தின் பல்கலைக்கழகம். தம் தொல்லைக்கு விடை தேடுவது அதன் வேலை என்று அவர் கருதியிருக்க வேண்டும். இத்தகைய உரிமை உணர்வு நம்மிடையே குறைவு. பல்கலைக்கழகம் என்றால் பட்டம் வழங்கும் இடம் என்பதோடு நம் எண்ணம் நின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் சான்று அருகிலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பல்கலைக்கழகத் தகுதி பெற்ற மத்திய அரசு நிறுவனம். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்த இளம் வயதினர் நம் நாட்டில் ஏராளம். இறக்குமதி வால்வோ பெரும்பாலோருக்கு எட்டாத விலையில் இருந்தது. மருத்துவர் வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து சொந்தமாக ஒரு வால்வை உருவாக்க முனைந்தனர். முதல் மூன்று மாதிரிகளும் சோதனைக் கட்டத்திலேயே தோற்றன. நான்காவது மாதிரியே 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று அந்தச் சித்ரா வால்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.

மூன்றாவது மாதிரி தோற்ற நாளில், மக்கள் பணம் வீணாயிற்று என்று ஒருவர் சொல்லியிருந்தால் மறுப்பது கடினமாகவே இருந்திருக்கும். வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரின் உறவினர், முதலில் கட்டில் வாங்குங்கள், ஆராய்ச்சி பிறகு ஆகட்டும் என்று கேட்பதும் நியாயமே. கட்டிலும் வேண்டும். ஆனால் ஆராய்ச்சிப் பணத்தை வெட்டித்தான் கட்டில் வாங்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ளலாகாது. எந்த முயற்சி பலிக்கும் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க எந்த வணிகர்தான் முன்வருவார்? ஏழைகளுக்கு மட்டுமே தேவைப்படும் பொருளென்றால் இன்னும் அரிது. அந்தப் பொறுமையைப் பொதுமக்கள்தாம் தர இயலும். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலை, குடிநீரோடு அரசு மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களைப் பற்றியும் கேளுங்கள்.

ஆதரவு என்பதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுவது என்று பொருள் கொள்ள வேண்டாம். ஓர் ஆய்வில் பங்கேற்க அழைத்தால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டாரோடு அமர்ந்து படியுங்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் குறைவு வரலாகாது. பங்கேற்றால், அந்த ஆய்வு என்னவாயிற்று என்று ஓராண்டு கழித்தேனும் விசாரியுங்கள். தோல்வியில் முடிந்திருந்தாலும், அதை உங்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைக்க ஆய்வாளர் கடமைப்பட்டவர்.