ஈழத்தலரி என்னும் பெயரும் ஒரு தொட்டிச் செடியும்

2024ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதியில், பாலக்காட்டில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் மாடியறையின் வாசலிலிருந்து ஒரு தொட்டிச் செடி அகற்றப்பட்டது. வாசல் என்று நான் சொல்வது நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு திண்டு. அதில் நின்றிருந்தது குட்டை இரகப் பிளுமேரியா. நாற்றுப்பண்ணையில் அதற்குச் ‘செம்பகம்’ என்று பெயர் சொன்னார்கள். மொழியியல் படித்தவளுக்கு அப்பெயர் நிறைவு தரவில்லை. பழைய அகராதிப் பெயரான ‘ஈழத்தலரி’யை ஓர் அட்டையில் எழுதித் தொட்டியில் செருகினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அப்பெயரையே சொன்னேன்.

அந்தப் பெயரே செடிக்குப் பகையாயிற்று. வீட்டுக்கார அம்மையார் அதில் ‘அலரி’யை மட்டும் கேட்டார். “குழந்தை இருக்கற வீடு, அரளி வேண்டாம்மா” என்றார். மறுநாள் மாலை நான் திரும்பியபோது செடி வீட்டின் பின்புறம் வெயிலில் கிடந்தது.

அவரை நான் குறை சொல்லவில்லை. அம்மாதத்தில் கேரளம் முழுவதும் அரளியைப் பற்றியே பேசியது. ஒரு மரணத்துக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்னும் ஐயம் எழுந்ததைத் தொடர்ந்து, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கக் கூடாது என்று அறிவித்திருந்தன. அச்சத்துக்கு நியாயம் இருந்தது. அது சென்று சேர்ந்த செடிதான் வேறு.

இக்குழப்பத்தின் வேர் சொல்லில் இருக்கிறது. ‘அலர்’ என்றால் மலர்தல். ‘அலரி’ என்பதற்குப் பொதுவாகப் பூ என்றே ஒரு பொருள் உண்டு. நச்சுச் செடியாகிய அரளி என்பது மற்றொரு பொருள். ‘தசை’ ‘சதை’ ஆனது போல, ‘அலரி’யும் ஒலிகள் இடம் மாறி ‘அரளி’ ஆயிற்று. பிளுமேரியா நம் மண்ணுக்கு வந்தபோது, ஈழத்திலிருந்து வந்த பூ என்று கருதி ‘ஈழத்தலரி’ என்றனர் போலும். உண்மையில் அதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் ஆகும். பறங்கிக்காயும் சீமைக் கருவேலமும் போலவே, இப்பெயரும் செடி பிறந்த நாட்டைக் குறிக்காமல், அது நம்மை வந்தடைந்ததாகக் கருதப்பட்ட வழியையே குறிக்கிறது.

எல்லையைக் கடந்தால் பெயர் இன்னும் நழுவுகிறது. சிங்களத்தில் ‘அரலிய’ என்றால் பிளுமேரியாவேதான். மலையாளத்தில் அது ஈழச்செம்பகம். பேச்சில் ஈழம் உதிர்ந்து வெறும் செம்பகம் ஆகிறது. லாவோஸ் நாட்டின் தேசிய மலரான ‘சம்பா’வும் இப்பூதான். நாம் செண்பகம் என்றழைக்கும் மரமோ இதனோடு எந்த உறவும் இல்லாத வேறு குடும்பத்தது.

இனி நான் சொல்லப்போவதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். என் தொட்டி அகற்றப்பட்ட அதே வீட்டின் வாயிற்கதவை ஒட்டி, மஞ்சள் பூக்களுடன் ஒரு பொன்னரளி நின்றது. வீட்டார் அதைக் ‘கோளாம்பி’ என்று அழைத்து வந்தனர். பெயரில் அரளி இல்லாததால் எவரும் அதை ஐயுறவில்லை. குழந்தை அதன் காய்களைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. பெயரை மட்டும் நம்பிய அச்சம், தீங்கு குறைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொடியதை வாயிலில் நிறுத்தி வைத்திருந்தது. நான் சொன்ன பிறகு அதை வெட்டினார்கள்.

அரளி, பொன்னரளி, ஈழத்தலரி மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. முதலிரண்டின் எல்லாப் பகுதிகளிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. ஈழத்தலரி அத்தகைய நஞ்சுக்குப் பெயர்பெற்றது அன்று. எனினும் அதன் பால் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் உண்டாக்கும். அது உண்ணத்தக்கதும் அன்று. வேறுபடுத்தி அறிவது எளிது. அரளியின் இலைகள் ஒடுங்கி நீண்டு, பெரும்பாலும் ஒரு கணுவுக்கு மூன்றாக இருக்கும். பொன்னரளியின் இலைகள் அதைவிட ஒடுங்கியவை. பூ மஞ்சள் நிறப் புனல் போன்றது. ஈழத்தலரியின் தண்டு தடித்துச் சதைப்பற்றுடன், உதிர்ந்த இலைகளின் தழும்புகளைத் தாங்கியிருக்கும்; இதழ்கள் காற்றாடி போல ஒன்றன்மேல் ஒன்று முறுக்கி அமைந்திருக்கும்.

இடம் குறைந்த நகரத்து வீட்டுக்கு இச்செடியை நான் இன்றும் பரிந்துரைப்பேன். ஆனால் வாங்கும்போதும் சொல்லில் ஏமாறக் கூடாது. ‘குட்டைச்செடி’ என்பது ஓர் இரகத்தின் பெயர். ‘குட்டையான செடி’ என்பது அதன் இன்றைய நிலை. நாம் முதலாவதைக் கேட்கிறோம். பல வேளைகளில் நமக்கு இரண்டாவதே விற்கப்படுகிறது. சிறு தொட்டியில் நிற்கும் இளஞ்செடி பின்னாளில் இருபதடி மரமாக வளரக்கூடும். உண்மையான குட்டை இரகத்தில் இலைத்தழும்புகள் நெருங்கியிருக்கும். உயரம் குறைவாக இருக்கும்போதே கிளை பிரியும். விதையிலிருந்து வளர்ந்த செடி தாயை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே ஒட்டுச்செடியோ தண்டுக்குச்சியோதான் வாங்க வேண்டும்.

பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும். மணலும் சரளையும் மிகுந்த, நீர் தேங்காத கலவையும், நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலும் வேண்டும். கணவாய்க் காற்று வீசும் பாலக்காட்டின் வறட்சி இதற்கு ஏற்றது. நான் பிறந்த இடுக்கி எல்லையின் ஏலமலைச் சரிவில் நிலைமை வேறு. அங்கே ஜூன் முதல் தொட்டியை இறவாரத்தின் கீழ் நகர்த்தாவிட்டால் தண்டு அழுகிவிடும். மூணாறு போல உறைபனி விழும் உயரங்களில் இச்செடி தாங்காது. மழைக்காலத்தில் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் துகள் படிந்தால் அது துருநோய். அவ்விலைகளைக் கிள்ளி அகற்ற வேண்டும். பூங்கொத்து கிளை நுனியிலேயே வரும். ஆதலால் பூத்து ஓய்ந்த பின்னரே கத்தரிக்க வேண்டும்.

எறியப்பட்ட என் செடிக்கு வருகிறேன். பத்து நாள்களுக்குப் பிறகு அதன் கிளைகளை எடுத்துப் பார்த்தேன், வெட்டுவாய் காய்ந்திருந்தது, உள்ளே பச்சை இருந்தது. பிளுமேரியாக் குச்சியை நடுவதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் காயவிடுவதே முறை. வீட்டுக்கார அம்மையாரின் இசைவுடன் அதை மீண்டும் நட்டேன். இப்போது அட்டையில் மூன்று வரிகள் உள்ளன: தமிழ்ப்பெயர், மலையாளப்பெயர், தாவரவியற்பெயர். அதன் கீழே ‘பால் கண்ணில் படக் கூடாது’ என்றொரு குறிப்பு.

நம் துறையினரிடம் எனக்கு ஒரு முறையீடு உண்டு. பழஞ்சொல்லை மீட்டெடுப்பதை மட்டுமே தொண்டாகக் கருதுகிறோம். அச்சொல் இன்று கேட்பவரின் காதில் என்னவாக விழுகிறது என்று நாம் எண்ணுவதில்லை, நானும் எண்ணவில்லை. இருமொழி வழங்கும் எல்லைப் பகுதிகளில், செடிப்பெயர்களைச் செடியோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்: எந்த ஊரில், எந்தச் செடிக்கு, எந்தப் பெயர் என்று. தாவரவியல் மாணவரும் மொழியியல் மாணவரும் ஒன்றாக ஒரு தெருவை நடந்து முடித்தாலே அப்பணி தொடங்கிவிடும்.

உங்கள் ஊரில் பிளுமேரியாவுக்கு என்ன பெயர்? ஊரின் பெயரோடும் பூவின் படத்தோடும் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் நானும் மீண்டும் தவறுவேன்.