வேலையை விட்டால்தான் மேற்படிப்பா?

பக்கவாதத்திலிருந்து மீண்டவர் அன்றாட வேலைகளில் எவ்வளவைத் தன் கையால் தானே செய்துகொள்கிறார் என்பதை அளக்க, உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படும் கருவிகளில் ஒன்று பார்தெல் இண்டெக்ஸ். 1965-இல் அமெரிக்காவில் வெளியானது. சாப்பிடுதல், குளித்தல், உடுத்துதல், படியேறுதல் என்று பத்துச் செயல்கள். மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடும் பகுதியில் எப்போது மதிப்பெண் குறையும்? உணவை வெட்டவும் வெண்ணெய் தடவவும் பிறர் உதவி தேவைப்பட்டால். தருமபுரிப் பக்கம் களி உருண்டையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடும் விவசாயிக்கும் இதே அளவுகோல்தான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதற்கு அதில் இடமே இல்லை. வேட்டியை இறுக்கிக் கட்டுவதும் புடைவைக்குக் கொசுவம் வைப்பதும் எத்தனை விரல்களின் வேலை என்று அது கேட்பதில்லை.

இந்த இடைவெளி முதலில் கண்ணில் படுவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்குத்தான். இயன்முறை மருத்துவர் மூட்டையும் தசையையும் இயங்க வைக்கிறார் என்றால், அந்த இயக்கத்தைக் கொண்டு அந்த மனிதர் மறுபடியும் சாப்பிடவும், சட்டைப் பொத்தானைப் போடவும், பள்ளிக்கோ வேலைக்கோ போகவும் வழிசெய்வது இவர்களின் பணி. ஆட்டிசம் உள்ள குழந்தைகள், மூளை முடக்குவாதக் குழந்தைகள், கை நரம்பு அறுந்த தொழிலாளர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் என இவர்களிடம் வருவோரின் வரிசை நீண்டது. நம் ஊர்க் கைகளுக்கும் நம் ஊர் வீடுகளுக்கும் பொருந்தும் அளவுகோலையும் சிகிச்சை முறையையும் உருவாக்கக்கூடியவர்கள் இவர்களே. ஆனால் அதற்கு வேண்டிய ஆய்வுப் பயிற்சி முதுநிலைப் படிப்பில்தான் கிடைக்கிறது. அந்தப் படிப்போ, நோயாளிகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவரால் எட்ட முடியாத இடத்தில் இருக்கிறது.

எம்.ஓ.டி. எனப்படும் முதுநிலைப் பட்டம் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. தமிழ்நாட்டில் அதை நடத்தும் கல்லூரிகள் பெரும்பாலும் சென்னை, வேலூர், கோவை வட்டாரங்களில் உள்ளன. இளநிலை முடித்த கையோடு, குடும்பப் பொறுப்பு சேருமுன் போகிறவர்களுக்கு அது சரிப்படும். நாகர்கோவிலிலோ ராமநாதபுரத்திலோ எட்டு வருடமாகப் பணியிலிருக்கும் ஒருவருக்கு? இந்தத் தொழிலில் பெண்களே அதிகம். கைக்குழந்தை, வயதான மாமியார், வீட்டுக் கடன் தவணை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு ஊதியமின்றி ஊர்விட்டு ஊர் போ என்று சொல்வது, படிக்காதே என்று சொல்வதற்குச் சமம். அரசு மையங்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். படிக்கப் போனால் திரும்பி வர அந்த இருக்கை காத்திருக்காது.

ஆக, நோயாளிகளை அதிகம் பார்க்காத இளைஞர்கள் முதுநிலை படிக்கிறார்கள். அதிகம் பார்த்தவர்கள் படிப்பதில்லை. பட்டம் பெற்றவர்களில் கணிசமானோர் கல்லூரி ஆசிரியப் பணிக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாவட்ட மையத்தில் முதுநிலைப் பட்டத்துக்கென்று தனிப் பதவியோ ஊதிய உயர்வோ இல்லாதபோது, பட்டம் மதிக்கப்படும் இடத்துக்குத்தான் போவார்கள்.

இதனால் இழப்பு யாருக்கு? மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் ஒன்றில் அடிக்கடி நடப்பதைச் சொன்னால் புரியும். நான்கு வயதுப் பையன். மூளை முடக்குவாதம் வலப்பக்கத்தைப் பாதித்திருக்கிறது. வலக்கை முஷ்டியாக மடங்கியே இருக்கும், எல்லாவற்றுக்கும் இடக்கைதான். தெரபிஸ்ட் அந்த நல்ல கைக்கு ஒரு துணி உறையை மாட்டி, தட்டில் இட்லியைத் துண்டு துண்டாகப் பிட்டு வைக்கிறார். பையன் உறையை உதறப் பார்க்கிறான், அழுகிறான், பிறகு மடங்கிய வலக்கையை மெல்ல நீட்டி ஒரு துண்டைத் தட்டின் ஓரம்வரை தள்ளிக்கொண்டு போகிறான். அம்மா கேட்கிறார்: “வீட்லயும் இதே மாதிரி கட்டி வெக்கணுமா மேடம்? நான் காலையில தறிக்குப் போனா சாயங்காலம்தானே வருவேன்.”

சிகிச்சை முறை சரியானதுதான். நல்ல கையைக் கட்டுப்படுத்தி, பாதித்த கையைப் பழக்கும் இந்த முறையின் பெயர் சி.ஐ.எம்.டி. பெரியவர்களிடம் இதைப் பரிசோதித்த ‘எக்சைட்’ ஆய்வு, 2006-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பக்கவாதம் கண்ட 222 பேர். சிகிச்சைப் பிரிவில் இருந்தோருக்கு விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கையுறை, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம்வரை பயிற்சி, இரண்டு வாரம். குழந்தைகளுக்கான வடிவங்களும் தொடர்ந்து பல மணி நேரப் பயிற்சியைக் கேட்பவையே. பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ தறிக்குப் போகும் தாயின் வீட்டில் அந்த நேரம் கிடையாது. எனவே அனுபவமுள்ள தெரபிஸ்ட் ஒரு வழி செய்கிறார்: காலைச் சாப்பாட்டின்போது அரை மணி நேரம், மாலையில் பாட்டியோடு விளையாடும்போது ஒரு மணி நேரம், இரண்டு வாரத்துக்குப் பதிலாக மூன்று மாதம்.

இப்படி நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் பலன் அதே அளவு கிடைக்குமா? பாட்டியைப் பயிற்றுவிப்பது எப்படி? எந்த அளவுக்குக் கீழே போனால் பயனே இல்லை? முதுநிலை ஆய்வேட்டுக்கு இவற்றைவிடத் தகுதியான கேள்விகள் இல்லை. கேள்வியும் நோயாளிகளும் அந்தத் தெரபிஸ்டிடம் உண்டு. ஆய்வுமுறையும் வழிகாட்டியும் அதற்கென நேரமும் மட்டும் இல்லை. அந்த அறிவு அந்த அறையிலேயே பிறந்து, அவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு போய்விடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பணியில் இருப்பவர் படித்த பாடம் பழையதாகிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அயோனா நோவாக் தலைமையிலான குழு, மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குத் தரப்படும் 64 வகைச் சிகிச்சைகளுக்கான சான்றுகளைத் திரட்டி, 2013-இல் அவற்றுக்குப் போக்குவரத்து விளக்கின் நிறங்களைக் கொடுத்தது. வீட்டுப் பயிற்சித் திட்டங்களுக்கும், குடும்பம் குறிப்பிடும் இலக்கை நேரடியாகப் பழக்கும் முறைக்கும், மேலே சொன்ன கை உறை முறைக்கும் பச்சை. பல பத்தாண்டுகளாகப் பாடத்தில் தலைமை இடம் வகித்த, நரம்பு வளர்ச்சி சிகிச்சை எனப்படும் போபத் முறைக்குச் சிவப்பு. 1990-களில் படித்த பலர் நம்பிக்கையோடு கற்று, இன்றும் அக்கறையோடு செய்துவருவது அது.

ஊஞ்சல், தூரிகை போன்றவற்றால் புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சைக்கும் அந்தப் பட்டியலில் சிவப்புதான். ஆனால் அது மூளை முடக்குவாதத்துக்கு மட்டுமான தீர்ப்பு. ஆட்டிசத்தில் அதன் இடம் தனியாக ஆராயப்பட வேண்டியது. இந்த வேறுபாட்டைக் கட்டுரையைப் படித்துத் தானே பிரித்தறியும் பயிற்சி இல்லையென்றால், ஒருவர் எல்லாக் குழந்தைக்கும் ஊஞ்சலும் தூரிகையும் கொடுப்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் கைவிடுவார். அந்த வெற்றிடத்தில்தான் வார இறுதிச் சான்றிதழ் வகுப்புகள் புகுந்து பணம் பண்ணுகின்றன. இரண்டு நாள் விடுதி அரங்கில் உட்கார்ந்து எழுந்தால் ஒரு சான்றிதழ். அங்கே கற்றதை நோயாளியிடம் எப்படிச் செய்கிறார் என்று பார்க்க எவரும் வருவதில்லை.

பணியிலிருந்து படிப்புக்குப் போனவர்களால் வளர்ந்த துறை இது. புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய ஜீன் ஏயர்ஸ், தெரபிஸ்டாக வேலை பார்த்தபடி குழந்தைகளிடம் கண்ட புதிர்களுக்கு விடை தேடித்தான் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1961-இல் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியாவில் இத்துறைக்கு விதை போட்ட கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கே வாழ வந்தவர். நாற்பது வயதைக் கடந்த பின் மறுபடி அமெரிக்கா சென்று ஆக்குபேஷனல் தெரபி பயின்று திரும்பி, 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு உருவானபோது நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்றாக இருந்ததற்கு அவரது உழைப்பு முக்கியக் காரணம். நடுவயதில் படிக்கப் போனவரால் பிறந்த துறை, இன்று நடுவயதில் இருப்பவர்களுக்குக் கதவை மூடி வைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்படியானால் எல்லோருக்கும் முதுநிலையைக் கட்டாயமாக்கிவிடலாமா? கூடாது. அமெரிக்கா அந்த வழியில் போய்ப் பார்த்தது. 2007 முதல் அங்கே தொழிலில் நுழையவே முதுநிலைத் தகுதி வேண்டும். 2017-இல் அங்கீகாரக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், 2027 முதல் நுழைவுத் தகுதியே முனைவர் நிலைப் பட்டம் என்று அறிவித்தது. கல்விக் கடன் சுமை, ஆசிரியர் பற்றாக்குறை என்று துறைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே அந்த ஆணை நிறுத்தி வைக்கப்பட்டு, 2019-இல் இரு பட்டங்களும் செல்லும் என்றானது. வாசலில் கேட்கும் பட்டத்தை உயர்த்தினால் செலவுதான் உறுதியாக உயரும். தெரபிஸ்ட் பற்றாக்குறை உள்ள நம் மாவட்டங்கள் அதைத் தாங்காது. இளநிலை முடித்தவர் பணிக்கு வரட்டும். சில ஆண்டு பணிபுரிந்து, கேள்வியோடு திரும்பி வருகிறவருக்கு முதுநிலை திறந்திருக்கட்டும்.

பிரிட்டனில் இதற்கு ஏற்பாடு உண்டு. பணியில் இருப்போருக்கான முதுநிலைப் படிப்பு 180 கிரெடிட்டுகள். ஒவ்வொரு பாடமாகப் பகுதிநேரத்தில் எடுக்கலாம். 60 சேர்ந்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 சேர்ந்தால் பட்டயம், ஆய்வேட்டோடு 180 முடித்தால் பட்டம். குழந்தை பிறந்தது, பெற்றோருக்கு உடல்நலமில்லை என்று நடுவில் நிற்க நேர்ந்தாலும், அதுவரை படித்தது வீண் போகாது. நம்மிடமும் கிரெடிட் வங்கி முறை 2021-இலேயே வந்துவிட்டது. அதை இந்தத் துறையின் முதுநிலைக்குப் பொருத்திப் பார்க்க யாரும் முன்வரவில்லை என்பதுதான் குறை.

பகுதிநேரம் என்றதும் தரம் போய்விடும் என்ற அச்சம் எழும். தொலைநிலைக் கல்வியிலும் இணையவழியிலும் ஆக்குபேஷனல் தெரபி பட்டம் தரக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 ஒழுங்குமுறைகள் தடுத்துள்ளன. அந்தத் தடை சரியானது; நோயாளியின் கையைத் தொடாமல் கற்கும் தொழிலல்ல இது. ஆனால் தபால் வழிப் படிப்புக்கும் இரண்டு ஆண்டு விடுதி வாழ்க்கைக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பணிபுரியும் மையத்தையே பயிற்சிக் களமாக அங்கீகரிப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் கல்லூரியில் நேரடி வகுப்பு. மற்ற நாட்களில் சொந்த நோயாளிகளிடம் வேலை. வழிகாட்டி நேரில் வந்து பார்க்கட்டும், பெற்றோர் சம்மதத்தோடு எடுத்த காணொளியை வைத்துக் கேள்வி கேட்கட்டும். பட்டத்துக்கு நான்கு ஆண்டு ஆகட்டும். கல்லூரி மருத்துவமனையில் அறிமுகமில்லாத நோயாளிகளிடம் சில வாரம் நிற்பதைவிட, ஒரே குழந்தையை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்து எழுதுவதில் கல்வி அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சிந்தனையும் இல்லை. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு முதுநிலை மருத்துவ இடங்களில் 50 விழுக்காடு ஒதுக்கிய மாநிலம் இது. அந்த ஏற்பாடு ஆபத்துக்கு உள்ளானபோது நீதிமன்றம்வரை போராடினோம். பணியில் உள்ள மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. கிராமத்தில் பணிபுரிந்தவரைப் படிக்க வைத்தால் அவர் கற்றது அரசு மருத்துவமனைக்கே திரும்பி வரும் என்பதுதான் நம் வாதத்தின் சாரம். அந்த வாதம் மருத்துவருக்குப் பொருந்தும், தெரபிஸ்டுக்குப் பொருந்தாது என்று எவராலும் சொல்ல முடியாது.

தேவையும் கூடிக்கொண்டே போகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. கட்டடமும் கருவியும் வாங்கிவிடலாம். சிக்கலான குழந்தை வரும்போது இளைய தெரபிஸ்ட் ஓடிவந்து கேட்க, அதே மாவட்டத்தில் ஒரு மூத்தவர் இருக்க வேண்டும். அவரைப் படிக்க வைத்துத்தான் உருவாக்க முடியும்.

2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆக்குபேஷனல் தெரபியைச் சுகாதாரத் தொழிலாக அங்கீகரித்து, பாடத்திட்டத்தை நாடு முழுவதும் சீராக்கும் பொறுப்பை ஆணையத்திடம் கொடுத்திருக்கிறது. விதிகள் இறுகுமுன் பேச வேண்டிய நேரம் இது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், பணியிலிருப்போருக்கான பகுதிநேர எம்.ஓ.டி. திட்டம் ஒன்றை வரைந்து ஆணையத்தின் முன் வைக்க வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் தங்கள் மையங்களில் ஐந்தாண்டு பணி முடித்தவர்களுக்கு ஊதியத்தோடு படிப்பு விடுப்பும், முடித்து வருவோருக்கு முதுநிலை தெரபிஸ்ட் என்ற பதவியும், பதிலுக்கு அதே மாவட்டத்தில் பணிபுரியும் ஒப்பந்தமும் கொண்டுவர வேண்டும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களை இதிலிருந்து விலக்கக் கூடாது; அவர்களை விட்டுவிட்டால் திட்டத்தில் மிஞ்சுவோர் மிகச் சிலரே.

பணியில் இருக்கும் தெரபிஸ்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளிக் குறிப்பேட்டின் ஓரத்தில், விடை தெரியாமல் நின்ற கேள்விகளைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். அவற்றைத் தொகுத்து உங்கள் சங்கத்தின் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். முதுநிலைப் பாடத்திட்டத்தை எழுதுகிறவர்கள் மேசையில் முதலில் இருக்க வேண்டிய ஆவணம் அதுதான்.